காசு அனுப்பும் கடையில் சிஎல்டிஆர் தமிழ்ப் பட்டியல்: ஆறு மாத அனுபவம்

கடைசிவரை படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மென்பொருளில் நாடு, மொழி, நாணயம் இவற்றின் பெயர்கள் தமிழில் வரவேண்டும் என்றால் நீங்களே உட்கார்ந்து தட்டாதீர்கள். மொழிபெயர்ப்பு இயந்திரத்திடம் கொடுப்பது அதைவிட மோசம். கணினி எழுத்துக் குறியீடுகளைப் பார்த்துக்கொள்ளும் யூனிகோட் அமைப்பு வைத்திருக்கும் சிஎல்டிஆர் என்ற தரவுக் களஞ்சியத்தில் இவை எல்லாம் தமிழில் தயாராக இருக்கின்றன, காசும் கேட்கமாட்டார்கள். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். போன அந்த ஒன்றில் பாதிக்கு மேல் பட்டியலின் குற்றம்கூட இல்லை, பயன்படுத்தத் தெரியாத என் குற்றம்.

நான் இருப்பது மலேசியாவில், கோல சிலாங்கூர் பக்கம், பெஸ்தாரி ஜெயா. 2007இல் அரசாங்கம் வைத்த பெயர் அது. அதற்கு முன் பத்தாங் பெர்ஜுந்தை, எங்கள் ஆட்கள் வாயில் இன்றைக்கும் அதுதான். சுற்றிலும் தோட்டம். ஒரு காலத்தில் கித்தா, அதாவது ரப்பர், இப்போது கண்ணுக்கு எட்டிய தூரம் செம்பனை. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த நம் சனங்களில் பாதிக்கு மேல் டவுனுக்கு வந்துவிட்டார்கள், தோட்டத்தில் இப்போது குலை வெட்டுவது பெரும்பாலும் இந்தோனேசியா, பங்களாதேஷ், நேபாளத்து ஆட்கள். சம்பளம் போட்ட வாரம் டவுனில் எந்தக் கடையில் கூட்டமோ இல்லையோ, காசு அனுப்பும் கடையில் வரிசை வெளியே ஐந்தடி வரை நிற்கும். அந்தக் கடைக்கு இரண்டு கதவு தள்ளி என்னுடைய கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. கடைக்கார அண்ணனுக்கு பிரிண்டர் நின்றாலும் நான்தான், ஃபேன் நின்றாலும் நான்தான்.

அவர் முதலில் எங்கிருந்தோ ஒரு சிஸ்டம் வாங்கியிருந்தார், எந்த நிறுவனம் என்று இங்கே வேண்டாம். நான்கு மொழி உண்டு என்று சொல்லித்தான் விற்றார்கள். தமிழும் இருந்தது, இல்லை என்று சொல்லமுடியாது. தென் கொரிய நாணயத்துக்கு நேரே ‘வென்றது’ என்று இருந்தது. யாரை வென்றது, எப்போது வென்றது என்று நானும் அண்ணனும் கொஞ்ச நேரம் யோசித்தோம். அப்புறம் ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்த்தபோதுதான் புரிந்தது: கொரிய வொன். அந்த மூன்று எழுத்து ஆங்கிலத்தில் ‘வென்றது’ என்ற சொல்லின் எழுத்தும்கூட, இயந்திரம் அகராதியில் கைவைத்துவிட்டது. பிரேசில் நாணயமான ரெயால் ‘உண்மையான’ ஆகியிருந்தது. மொழிப் பட்டியலில் போலந்துக்காரர்களின் மொழி ‘மெருகு’. சரி, எங்கள் ஊரிலிருந்து போலந்துக்கு யார் காசு அனுப்பப் போகிறார், சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் பங்களாதேஷ் நாணயத்துக்கு ‘டாக்கா’ என்று போட்டிருந்தார்கள், அது அவர்களின் தலைநகரம். நாணயம் டாகா. தினமும் ஐம்பது பேர் அனுப்பும் நாணயம் அது.

இதைவிட எரிச்சல், எழுத்துக்கூட்டல். முதல் திரையில் மலேசியா, இரண்டாவதில் மலேஷியா, ரசீதில் மலேசிய என்று பாதியில் நின்றுபோன ஒரு சொல். இந்தோனேசியா, இந்தோனேஷியா, இந்தோனீசியா மூன்றும் ஒரே மென்பொருளில் இருந்தன. தேடும் பெட்டியில் ஒன்றைத் தட்டினால் மற்றது வராது. கவுண்டரில் வேலை செய்யும் தங்கச்சி நன்றாகத் தமிழ் படித்தவள், மூன்றாவது நாளே ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டாள். நான் அவளைக் குறை சொல்லமாட்டேன்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் தோண்டினேன். நாடுகளுக்குக் குறியீடு கொடுப்பது உலகத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் ஐஎஸ்ஓ 3166 என்ற தரம், 1974இல் வந்தது. மலேசியாவுக்கு அதில் எம்ஒய், மூன்றெழுத்தில் எம்ஒய்எஸ், எண்ணில் 458. மொழிகளுக்கு ஐஎஸ்ஓ 639, தமிழுக்கு டிஏ, மலாய்க்கு எம்எஸ். நாணயத்துக்கு ஐஎஸ்ஓ 4217, அதில்தான் எம்ஒய்ஆர் (மலேசியா), ஐடிஆர் (இந்தோனேசியா), என்பிஆர் (நேபாளம்) எல்லாம். குறியீடு உலகம் முழுக்க ஒன்றுதான், அதில் சண்டை இல்லை. ஆனால் நாட்டுப் பட்டியலை ஐஎஸ்ஓ பெயரோடு வெளியிடுவது ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான். தமிழில் எம்ஒய் என்றால் மலேசியாவா மலேஷியாவா என்பதில் அவர்கள் தலையிடுவதில்லை. ஆகவே ஒவ்வொரு மென்பொருள்காரரும் இருநூற்றைம்பதுக்குக் கொஞ்சம் குறைவான நாட்டுப் பெயர்களையும், ஒரு நூற்றுக்கு மேற்பட்ட நாணயப் பெயர்களையும் தன் கைக்கு வந்தபடி தமிழாக்கிக்கொண்டார்கள். பத்து மென்பொருளுக்குப் பத்துத் தமிழ். கல்யாண வீட்டில் பத்து சமையல்காரர், ஆளுக்கு ஒரு உப்பு.

இதற்கு மருந்து புதிதில்லை, இருபது வருடமாகவே இருக்கிறது, எனக்குத்தான் தாமதமாகத் தெரிந்தது. சிஎல்டிஆர் 2003 வாக்கில் தொடங்கி 2004இல் யூனிகோட் கைக்கு வந்தது. ஆண்ட்ராய்டு, ஐஃபோன், விண்டோஸ், குரோம் உலாவி எல்லாம் நாடு, மொழி, நாணயப் பெயர்களுக்கு இங்கிருந்துதான் எடுக்கின்றன. உங்கள் ஃபோனில் மொழியைத் தமிழாக மாற்றிவிட்டு நாட்டுப் பட்டியலைத் திறந்தால் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இந்தத் தரவுதான். லினக்ஸ் பக்கம் இன்னொரு ஏற்பாடு உண்டு, டெபியன் என்ற லினக்ஸ் வகையைச் செய்பவர்கள் பராமரிக்கும் ஐஎஸ்ஓ-கோட்ஸ் என்ற தொகுப்பு. ஒருமுறை மொழிபெயர்த்து வைத்துவிட்டால் குனோம், கேடிஇ போன்ற லினக்ஸ் திரைச்சூழல்கள் என்று எந்த நிரலும் அதையே எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் நோக்கமே. நல்ல எண்ணம்தான். ஆனால் பாருங்கள், ‘எல்லாருக்கும் ஒரே பட்டியல்’ என்று இரண்டு பேர் ஆரம்பித்துவிட்டதால் இப்போது இரண்டு ஒரே பட்டியல் இருக்கின்றன. இரண்டிலும் ஒரே எழுத்துக்கூட்டல்தான் இருக்கவேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. நம் சங்கங்கள் மாதிரி.

நான் கடைக்குச் செய்தது சின்ன வேலை. சுவரில் ஒரு டிவி, அதில் அன்றைய நாணய விலை, நாட்டுப் பெயர், நாணயப் பெயர், நான்கு மொழியில் மாறி மாறி வரவேண்டும். அதோடு ஒரு ரசீது. உலாவியிலேயே ஓடும்படி எழுதினேன், ஏனென்றால் சிஎல்டிஆர் தரவு உலாவிக்குள்ளேயே இருக்கிறது, தனியாக எதையும் நிறுவவேண்டாம். உலாவிக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் இன்ட்ல் என்று ஒரு பகுதி, அதில் டிஸ்ப்ளேநேம்ஸ் என்பதிடம் மொழியையும் குறியீட்டையும் கொடுத்தால் பெயர் வந்துவிடும். ஒரே வரி. முன்பு இதையே ஒரு எக்செல் கோப்பில் தட்டிக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்திருப்பேன்.

முதல் நாள் ஒரு வேடிக்கை நடந்தது. டிவிக்குப் பின்னால் செருகியிருந்தது எப்போதோ வாங்கிய மலிவான ஆண்ட்ராய்டு பெட்டி. அதில் இருந்த உலாவி 2020க்கு முந்தியது, டிஸ்ப்ளேநேம்ஸ் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. என் நிரலில் பெயர் கிடைக்காவிட்டால் குறியீட்டையே காட்டு என்று எழுதியிருந்தேன். ஆக, போர்டில் கொடி, எண் தவிர மற்றதெல்லாம் வெறும் குறியீடுதான். நான் தலையில் அடித்துக்கொண்டு ஓடிப்போனால் அங்கே ஒருவருக்கும் ஒரு கஷ்டமும் இல்லை. நேபாளத்துத் தம்பி ஒருவர் என்பிஆர் வரியைப் பார்த்து ஃபோனில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பங்களாதேஷ்காரர்கள் கொடியைப் பார்த்தார்கள், எண்ணைப் பார்த்தார்கள், வரிசையில் நின்றார்கள். பெயர் யாருக்காக வைக்கிறோம் என்று அன்றைக்கு எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்தது. யாருக்கென்றால், இந்தியாவிலிருக்கும் சொந்தத்துக்கும் லண்டனில் படிக்கும் பேரனுக்கும் அனுப்ப வரும் நம் ஊர் அம்மாக்களுக்கு. கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பவர்கள் அவர்கள்தான்.

சரி, பெட்டியை மாற்றினேன், பெயர் வந்தது. அடுத்த வம்பு எண்ணில் வந்தது. இதுதான் இந்தப் பட்டியலைப் பற்றி நான் கற்ற பெரிய பாடம், நீங்களும் இதில் மாட்டாதீர்கள். நான் மொழி என்று கொடுத்தது வெறும் தமிழ், அதாவது டிஏ. சிஎல்டிஆரில் வெறும் தமிழ் என்றால் அது இந்தியத் தமிழ். எண்ணை அது லட்சக் கணக்கில் பிரிக்கும்: ஆயிரத்துக்கு ஒரு கால்புள்ளி, பிறகு இரண்டிரண்டு இலக்கத்துக்கு ஒன்று. ஒரு வெள்ளிக்கு, அதாவது மலேசிய ரிங்கிட்டுக்கு, 3,500 இந்தோனேசிய ருப்பியா என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒருவர் 500 வெள்ளி அனுப்புகிறார், ரசீதில் 17,50,000 என்று விழுந்தது. சென்னையில் இருப்பவருக்கு இது பதினேழரை லட்சம், ஒரு குழப்பமும் இல்லை. எதிரே நின்றவர் மேடான்காரர். இந்தோனேசியாவில் ஆயிரத்தைப் பிரிப்பது புள்ளி, கால்புள்ளி போட்டால் அது தசமம். அவர் கண்ணுக்கு அது 17,50, அதாவது பதினேழரை, அப்புறம் பின்னால் என்னவோ மூன்று சுழியம். “பாங் (அண்ணே), இது என்ன?” என்று ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தங்கச்சி அழாத குறை. பின்னால் நின்ற நம் ஊர் ஆள் ஒருவர் எட்டிப் பார்த்து, “கால்புள்ளி இடம் மாறிப்போச்சு தம்பி, மெஷின் கெட்டுப்போச்சு” என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

மெஷின் கெடவில்லை. சிஎல்டிஆரில் மலேசியத் தமிழ் என்று தனியாக ஒன்று இருக்கிறது, டிஏ-எம்ஒய். சிங்கப்பூருக்கும் இலங்கைக்கும்கூடத் தனித்தனியாக உண்டு. டிஏ-எம்ஒய் கொடுத்தவுடன் 1,750,000 என்று மூன்று மூன்றாக வந்தது, எம்ஒய்ஆர் 500 என்று விறைப்பாக நின்றது ஆர்எம் 500 ஆனது, அந்த இரண்டு எழுத்தை நாம் 1993லிருந்து பார்த்துப் பழகியிருக்கிறோம். யென்னுக்குத் தசமம் கிடையாது, குவைத் தினாருக்கு மூன்று தசம இடம், ரிங்கிட்டுக்கு இரண்டு, இதெல்லாமும் தானாகவே சரியாக வந்துவிட்டது. ஒரு எழுத்துச் சேர்க்கையை விட்டதற்கு இவ்வளவு பாடு. மலேசியாவில் தமிழில் மென்பொருள் செய்கிறவர்களில் எத்தனை பேர் வெறும் டிஏ போட்டுவிட்டுப் போகிறார்களோ, பல இடத்தில் லட்சக் கால்புள்ளியைப் பார்த்திருக்கிறேன், இப்போதுதான் காரணம் புரிகிறது.

இனிப் பெயர்களுக்கு வருவோம். பொதுவாக நன்றாகவே இருக்கின்றன. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், ஜப்பான், சீனா, ஜெர்மனி, அமெரிக்கா, நாம் எழுதுகிறபடிதான். துருக்கிக்கு 2022இல் ஆங்கிலத்தில் பெயரையே மாற்றினார்கள், தமிழில் நாம் என்றைக்கோ துருக்கி என்று சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம், நமக்கு அங்கே வேலையே இல்லை. ஸ்வாசிலாந்து 2018இல் எஸ்வாட்டினி ஆனது. குறியீடு எஸ்இசட் அப்படியே, பெயர் மட்டும் மேலே மாறியது, என் நிரலில் ஒரு எழுத்து மாற்றவேண்டியதில்லை. குரோஷியா 2023இல் யூரோவுக்கு மாறியதுபோன்ற விவகாரங்களும், எந்த நாட்டில் எந்தத் தேதியிலிருந்து எந்த நாணயம் என்பதும்கூட உள்ளேயே குறித்துவைத்திருக்கிறார்கள். பத்தாங் பெர்ஜுந்தை பெஸ்தாரி ஜெயா ஆனபோது இப்படி ஒரு ஏற்பாடு இருந்திருந்தால் எத்தனை பேருடைய கடிதம் ஒழுங்காக வீடு வந்திருக்கும்.

இடறுவது பிரிட்டனில். சிஎல்டிஆர் தமிழில் அதற்கு யுனைடெட் கிங்டம். எழுத்துக்கு எழுத்து ஆங்கிலம். நம் ஊர் அம்மாக்களுக்கு அது லண்டன், கொஞ்சம் படித்தவர்களுக்கு இங்கிலாந்து, செய்தித்தாள் படிப்பவர்களுக்கு பிரிட்டன், இலங்கைத் தமிழர்களுக்கு பிரித்தானியா. யுனைடெட் கிங்டம் என்று தமிழில் யார் சொல்கிறார்கள், எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை. அகரவரிசையில் அது ய வரிசைக்குப் போய் அடியில் ஒளிந்துகொள்கிறது. பேரனுக்கு அனுப்ப வந்த பாட்டி இ-யில் தேடி, பி-யில் தேடி, கடைசியில் “லண்டன் இல்லையாப்பா இதுல?” என்று கேட்டார். பெயரைப் பொதுவில் ஒன்றாக வைப்பது சரி, தேடும்போது மட்டும் பிரிட்டன், இங்கிலாந்து, பிரித்தானியா, லண்டன் என்று எது தட்டினாலும் பிரிட்டனின் குறியீடான ஜிபி வரும்படி ஒரு சின்ன அட்டவணை நானே வைத்துக்கொண்டேன். ஆஸ்திரேலியாவுக்கும் அப்படித்தான், அவுஸ்திரேலியா என்று யாழ்ப்பாணத்து வழக்கில் எழுதுகிற ஒரு குடும்பம் எங்கள் ஊரில் இருக்கிறது.

பட்டியலின் குற்றமாகாத, ஆனால் தமிழில் கட்டாயம் அடிபடுகிற இடம் ஒன்று உண்டு: வேற்றுமை உருபு. ஆங்கிலக்காரர் ‘இன்ன நாட்டுக்கு அனுப்பப்பட்டது’ என்று ஒரு வாக்கியம் எழுதி நாட்டுப் பெயர் வரும் இடத்தில் ஒரு துளை விட்டுவிடுவார், பெயர் அப்படியே வந்து உட்காரும். நமக்கு உட்காருமா? இந்தியா இந்தியாவுக்கு ஆகும், இலங்கை இலங்கைக்கு ஆகும், நேபாளம் நேபாளத்துக்கு ஆகும், பங்களாதேஷ் பங்களாதேஷுக்கு ஆகும். துளைக்குப் பக்கத்தில் ‘க்கு’ என்று ஒட்டிவைத்தால் ‘நேபாளம்க்கு’ வந்து நிற்கும், தமிழ் வாத்தியார் பார்த்தால் ரசீதாலேயே அடிப்பார். பழைய சிஸ்டத்தில் ‘மலேசியா இருந்து நேபாளம் க்கு’ என்று நடுவில் இடைவெளியோடு இருந்தது, அதையும் பார்த்திருக்கிறேன். சிஎல்டிஆர் தருவது நாட்டின் பெயர் மட்டும், உருபு ஏற்ற வடிவம் தராது. நான் செய்தது, வாக்கியத்தையே விட்டுவிட்டேன். ‘செல்லும் நாடு: நேபாளம்’, ‘நாணயம்: நேபாள ரூபாய்’ என்று முத்திரை மாதிரி. அழகு குறைவு, பிழை இல்லை.

அதே மாதிரி, நாட்டுப் பெயரையும் நாணயத்தையும் நீங்களே ஒட்டாதீர்கள். இந்தியாவையும் ரூபாயையும் சேர்த்தால் ‘இந்தியா ரூபாய்’ வரும், ‘இந்திய ரூபாய்’ வராது. நாணயத்துக்கு என்று முழுப் பெயர் தனியாக இருக்கிறது, குறியீட்டைக் கொடுத்து அதையே கேளுங்கள். எங்கள் கடைக்கு இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் இந்தியாவுக்கும் ரூபாய், இலங்கைக்கும் ரூபாய், நேபாளத்துக்கும் ரூபாய், பாகிஸ்தானுக்கும் ரூபாய். முன்னால் இருக்கும் ஒரு சொல் தப்பினால் காசு வேறு ஊருக்குப் போய்விடும் என்று அண்ணன் பயப்படுகிறார். போகாது, குறியீடு வேறு வேறு, ஆனாலும் பயம் நியாயம்தான். இன்னொன்று, பன்மை. தரவில் ஒருமைக்கு ஒரு பெயர், பன்மைக்கு ஒரு பெயர் என்று இடம் இருக்கிறது, ஆங்கிலத்துக்கு அது தேவை. தமிழில் பத்து ரூபாய்தான், பத்து ரூபாய்கள் என்று கடையில் யாராவது கேட்டால் ஊருக்குப் புதுசு என்று நினைப்போம். ஆகவே எண்ணோடு சேர்த்துப் பெயரை எழுதும் வசதியை நான் அணைத்துவிட்டேன்.

இனி வெள்ளி. இதைப் பற்றித்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

இந்த நாட்டில் தமிழர் யாரும் கடையில் நின்று ரிங்கிட் என்று கேட்பதில்லை. மீ கோரேங் எட்டு வெள்ளி, பெட்ரோல் ஐம்பது வெள்ளி, மொய் நூறு வெள்ளி. சில்லறைக்குப் பெயர் ‘காசு’. தோட்டத்தில் சம்பளம் வாங்கிய காலத்திலிருந்து வெள்ளிதான். ரிங்கிட் என்ற மலாய்ச் சொல்லுக்கே ரம்பம்போல் பல் பல்லாக இருப்பது என்றுதான் பொருள், அந்தக் காலத்தில் புழங்கிய ஸ்பானிய வெள்ளி நாணயத்தின் விளிம்பைப் பார்த்து வைத்த பெயர். அதே நாணயத்தை மலாய்க்காரர் விளிம்பைப் பார்த்து ரிங்கிட் என்றார், நம் ஆள் உலோகத்தைப் பார்த்து வெள்ளி என்றான். ரிங்கிட் என்று அரசாங்கப் பெயரானது 1975இல்தான், அதுவரை ஏட்டில் டாலர். நம் வாயில் டாலரும் இல்லை, ரிங்கிட்டும் இல்லை, நடுவில் எதுவும் மாறவில்லை.

ஆனால் பொதுப் பட்டியலில் வெள்ளி கிடையாது. மலேசியத் தமிழுக்கென்று இருக்கும் அந்தத் தனிக் கோப்பு மிகச் சின்னது, எண்ணைப் பிரிக்கும் முறை, ஆர்எம் குறி மாதிரிச் சில விஷயம்தான் அதில் நம்முடையது, மற்றப் பெயர்கள் எல்லாம் மேலே இருக்கும் பொதுத் தமிழிலிருந்து அப்படியே இறங்கி வருகின்றன. போர்டில் ரிங்கிட் என்று வந்ததைப் பார்த்து அண்ணன் கேட்டார், “ஏன் தம்பி, நம்ம காசுக்கு நம்ம பேர் இல்லையா?” பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அவருக்காக ஒரு நாள் ‘மலேசிய வெள்ளி’ என்று மாற்றிப் பார்த்தேன். நம் ஊர்க்காரர்களுக்கு ரொம்பப் பிடித்தது. திருச்சியிலிருந்து உறவு பார்க்க வந்த ஒருவர் மட்டும் போர்டைப் பார்த்துவிட்டு, கிராம் கணக்கா கிலோ கணக்கா என்று விசாரித்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் ஊரில் வெள்ளி என்றால் கொலுசு, இல்லாவிட்டால் கிழமை.

இன்னொரு சிக்கலும் உண்டு. சிங்கப்பூர்த் தமிழர்களும் தங்கள் டாலரை வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். சிங்கப்பூர் எல்லையில் உள்ள ஜொகூர் பாருவில் இந்தக் கடை இருந்தால் வெள்ளி என்ற ஒற்றைச் சொல் போர்டில் இரண்டு வரிக்குப் பொருந்தும். ஆகவே பொதுப் பட்டியலில் ரிங்கிட் என்றே இருக்கட்டும் என்று ஒரு மனம் சொல்கிறது, ஏனென்றால் அந்தப் பட்டியல் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் டொராண்டோவுக்கும் சேர்த்துத்தான். மலேசியத் தமிழ்க் கோப்பு என்று ஒன்று இருக்கிறதே, அதற்குள் வெள்ளி வருவதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று இன்னொரு மனம் கேட்கிறது. நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

திருத்தம் சொல்ல வழி இருக்கிறது என்பதைச் சொல்லியே ஆகவேண்டும், இதற்குத்தான் நான்கு மதிப்பெண்ணில் ஒன்று. சர்வே டூல் என்று ஒரு தளம், அது திறந்திருக்கும் காலத்தில் ஒவ்வொரு பெயருக்கும் மாற்றுச் சொல் முன்வைக்கலாம், வாக்களிக்கலாம். பெரிய அமைப்புகளின் ஆள் போடும் வாக்குக்கு எடை அதிகம், என்னைப்போல் தனியாக வருபவரின் வாக்குக்கு எடை குறைவு, ஆனாலும் பார்வைக்குப் போகும். வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு வெளியீடு, ஏப்ரல் வாக்கில் ஒன்று, அக்டோபர் வாக்கில் ஒன்று. அங்கே ஒரு எழுத்து திருந்தினால் அடுத்தடுத்த புதுப்பிப்பில் கோடிக்கணக்கான ஃபோனில் திருந்தும். என் நிரலில் மட்டும் நான் திருத்தினால் இந்த ஒரு டிவியில் திருந்தும், அப்புறம் நானும் அந்தப் பத்துச் சமையல்காரரில் பதினொன்றாவது ஆள். ஆகவே யுனைடெட் கிங்டம் விஷயத்தை எழுதி வைத்திருக்கிறேன், அடுத்த முறை தளம் திறக்கும்போது போடுவேன். மலேசியாவில் தமிழ் தெரிந்த பத்துப் பேர் சேர்ந்து போட்டால் இன்னும் நல்லது. நமக்கு என்று ஒரு கோப்பைக் கொடுத்துவைத்திருக்கிறார்கள், அதைக் காலியாகவே வைத்திருப்பது நாம்தான்.

இரண்டு சின்ன எச்சரிக்கை. பழைய உலாவியில் பழைய தரவு இருக்கும், அதனால் கவுண்டர் கம்ப்யூட்டரில் ஒரு எழுத்துக்கூட்டல், டிவியில் வேறு ஒன்று என்று வரலாம், இரண்டையும் ஒரே நாளில் புதுப்பித்துவிடுங்கள். அடுத்து, மாநிலப் பெயர்களையும் தமிழில் காட்டப்போகிறீர்கள் என்றால் இந்த வழியில் கிடைக்காது, டிஸ்ப்ளேநேம்ஸ் நாட்டோடு நின்றுவிடும். மாநிலங்களுக்கு ஐஎஸ்ஓ 3166-2 என்று வேறு குறியீடு, எம்ஒய்-10 என்றால் சிலாங்கூர், எம்ஒய்-07 என்றால் புலாவ் பினாங். நமக்கு அது பினாங்கு, தாத்தா காலத்திலிருந்தே. அதை நான் கையால்தான் தட்டினேன்.

யாருக்கு இது வேண்டாம்? உங்கள் கடையில் மூன்றே நாடு, மூன்றே நாணயம் என்றால் கையால் எழுதிவிடுங்கள், அதற்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம். பத்துக்கு மேல் போனால் இதை எடுங்கள், மறக்காமல் டிஏ-எம்ஒய் போடுங்கள்.

இப்போது போர்டு எப்படி இருக்கிறது என்று கேட்டால், பெயர் எல்லாம் பட்டியலிலிருந்து வருகிறது, அதன் மேல் ஒரே வரியில் என் சொந்தத் திருத்தம். கூடாது என்று மேலே நானேதான் எழுதினேன், தெரியும். அண்ணன் காலையில் கடை திறந்ததும் முதலில் அந்த வரியைத்தான் நிமிர்ந்து பார்க்கிறார்: எம்ஒய்ஆர், மலேசிய வெள்ளி. திருச்சிக்காரர் அடுத்த மாதம் மறுபடி வருகிறாராம், அதற்குள் பக்கத்தில் ஆர்எம் குறியைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டுவைக்கவேண்டும்.